வாட்டுவது நம்பிக்கையே!

பட்டிமன்றத் தலைப்பு: விளையாட்டு ரசிகரை அதிகம் வாட்டுவது அணியின் தோல்வியா? 'அடுத்த ஆண்டு' என்ற நம்பிக்கையா?

('நம்பிக்கையே' என்ற அணியில் இரண்டாவதாகப் பேசியது)

நடுநிலை தவறாத நடுவர் ஐயா அவர்களே! என் அணித் தலைவர் அவர்களே! தோல்வியையே கட்டிக்கொண்டு அழுகிற எதிரணி நண்பர்களே! (சிரிப்பு) அரங்கத்திலும், வீடுகளில் தொலைக்காட்சிப் பெட்டிக்கு முன்னாலும் அமர்ந்திருக்கிற பெரியோர்களே! தாய்மார்களே! இளைஞர்களே!

எனக்கு முன்னால் பேசிய எதிரணிப் புலவர் ஐயா ஒரு கேள்வி கேட்டாரு. "தோத்தவன் வீட்டுல அன்னைக்கு அடுப்பே எரியாதுங்க. அப்புறம் வாட்டுறது தோல்வியா, நம்பிக்கையா?"ன்னாரு. அருமையான கேள்வி. ஐயா, அடுப்பு எரியலைன்னா எதையும் வாட்டவே முடியாதே! வாட்டுறதுக்கு நெருப்பு வேணும். அந்த நெருப்புக்குப் பேர்தான் நம்பிக்கை! (கைதட்டல்)

நடுவர் ஐயா என்னை அறிமுகம் செய்யும்போதே, "இவர் தமிழ்ப் பேராசிரியர், விளையாட்டுக்கும் இவருக்கும் என்ன சம்பந்தமோ?" என்று இழுத்தார். உண்மைதான். நான் வாழ்க்கையில ஓடினது ரெண்டே சந்தர்ப்பத்துலதான். ஒண்ணு, பஸ்ஸைப் பிடிக்க. இன்னொண்ணு, என் சொற்பொழிவு முடிஞ்சு கேள்வி நேரம்னு அறிவிச்சப்ப! (சிரிப்பு) ஆனால், அறுபது வருஷமா கோப்பையே பார்க்காத ஒரு அணியின் ரசிகருக்குப் பக்கத்து வீட்டில் நான் மூன்று வாரம் குடியிருந்திருக்கிறேன். அந்த அனுபவத்தைத்தான் இந்த மன்றத்தின் முன் வைக்கப் போகிறேன்.

அமெரிக்காவிலே ஒஹையோ மாநிலம். அங்கே கிளீவ்லாந்து என்று ஒரு நகரம். அந்தப் பேரைச் சொன்ன உடனே நம்ம சங்கீத ரசிகர்கள் நிமிர்ந்து உட்காருவாங்க. 1978-லிருந்து அங்கே தியாகராஜ ஆராதனை நடக்குது. வருஷா வருஷம் ஈஸ்டரை ஒட்டி இங்கிருந்து வித்வான்கள் விமானம் ஏறிப் போறாங்க. 2025 ஏப்ரல் மாதம் நானும் போயிருந்தேன். பாட இல்லைங்க, பயப்படாதீங்க! (சிரிப்பு) என் மகள் அந்த ஊரில் இருக்கிறாள். "அப்பா, கச்சேரியும் கேட்டுக்கலாம், பேரனையும் பார்த்துக்கலாம், வாங்க"ன்னு கூப்பிட்டா.

போன மறுநாள் காலை. வெளியே வர்றேன். குளிர்ன்னா குளிர், பல்லு தாளம் போடுது. அந்த ஊர் ஒரு பெரிய ஏரிக் கரையில இருக்கு. ஏரிக்குப் பேரு ஈரி. ஈரி ஏரி! சும்மா சொன்னாலே நாக்கு நடுங்குது. (சிரிப்பு) பக்கத்து வீட்டு வாசலில் ஒரு பெரியவர். எழுபது வயசு தாண்டியவர். எஃகு ஆலையில வேலை பார்த்து ஓய்வு பெற்றவர். ஆரஞ்சு நிறத்துல ஒரு சட்டை, ஆரஞ்சு நிறத்துல ஒரு தொப்பி. நான் நம்ம ஊர் வழக்கப்படி, "இன்னைக்கு மேட்ச்சா?"ன்னு கேட்டேன்.

"இல்லை. மேட்ச் செப்டம்பர் மாதம்"ன்னாரு.

இது ஏப்ரல்! செப்டம்பர்ல நடக்கப்போற கல்யாணத்துக்கு ஏப்ரல்லயே பட்டுவேட்டி கட்டிக்கிட்டு வாசல்ல நிக்கிறாரு மனுஷன்! (சிரிப்பு, கைதட்டல்) அவருடைய அணியின் பெயர் கிளீவ்லாந்து பிரவுன்ஸ்.

இந்த இடத்திலே விளையாட்டைக் கொஞ்சம் விளக்கிவிடுகிறேன், எனக்கு அவர் விளக்கிய மாதிரியே. பேரு ஃபுட்பால். ஆனா காலுக்கு வேலை கொஞ்சம்தான். இரண்டு முனையும் கூம்பின ஒரு பந்து. அதைக் கையால எறியணும், இல்லைன்னா கக்கத்துல இடுக்கிக்கிட்டு ஓடணும். பிடிக்க வர்றவங்க கட்டிப்பிடிச்சுக் கீழே தள்ளுவாங்க. ஆட்டத்தை நடத்துகிறவருக்குக் குவாட்டர்பேக் என்று பெயர். கல்யாண வீட்டுத் தலைமைச் சமையல்காரர் மாதிரி. அவர் சரியில்லைன்னா மொத்தப் பந்தியும் படுத்துடும்.

என்.எஃப்.எல். என்ற அந்தப் போட்டியில் 32 அணிகள். ஆளுக்கு 17 ஆட்டம். செப்டம்பரில் ஆரம்பித்து ஜனவரி முற்பகுதியில் முடிந்துவிடும். நல்லா ஆடின அணிகள் அடுத்த கட்டத்துக்குப் போகும். மற்றவர்கள் மூட்டை கட்ட வேண்டியதுதான். கணக்குப் போட்டுப் பாருங்க. தோற்கிற அணியின் ரசிகனுக்கு வருஷத்துல நாலு மாசம் ஆட்டம், எட்டு மாசம் ஏக்கம்!

எதிரணி நண்பர்களைக் கேட்கிறேன். தோல்விதான் வாட்டும் என்றால், ஆட்டமே இல்லாத அந்த எட்டு மாதம் அவன் நிம்மதியாத் தூங்கணுமா இல்லையா? தூங்குறானா? தூங்க விடுவாங்களா? மார்ச் மாதம் பிறந்தா, ஒப்பந்தம் முடிந்த வீரர்களை விலைபேசும் காலம். "அந்தப் பெரிய ஆட்டக்காரர் நமக்கு வர்றாராம்" என்று ஒரு செய்தி. ஏப்ரல் கடைசியில் டிராஃப்ட். மே, ஜூன் மாதங்களில் லேசான பயிற்சி. "புதுப் பையன் பிரமாதமா எறியறான்" என்று ஒரு செய்தி. எதிரில் ஆளே இல்லாம எறிஞ்சா யாருங்க பிரமாதமா எறிய மாட்டாங்க? (சிரிப்பு) ஜூலைக் கடைசியில் பயிற்சி முகாம். இப்படித் தவணை முறையில் நம்பிக்கையைக் கொடுத்துக் கொடுத்து, செப்டம்பர்ல வட்டியோட வசூல் பண்றாங்க!

இதிலே டிராஃப்ட் என்பது என்ன? கல்லூரியில் ஆடி முடித்த இளைஞர்களை அணிகள் வரிசையாகத் தேர்ந்தெடுக்கும் சடங்கு. ஏழு சுற்று, மூன்று நாள். போன வருஷம் ரொம்ப மோசமா ஆடின அணிக்கு முதல் வாய்ப்பு. ஜெயிச்ச அணிக்குக் கடைசி வாய்ப்பு. நல்ல தர்மம்தான். கடைசி பெஞ்சுக்காரனுக்கு முதல் பந்தி! ஆனா அந்தத் தர்மம்தான் ரசிகனைக் கொல்லுது. தோத்ததுக்கே ஒரு பரிசு கிடைக்குதே! 'போனாப் போகுது, அடுத்த வருஷம் அந்தப் பையன் வருவான்' என்று மனசு சொல்லுதே!

பெரியவரைக் கேட்டேன், "உங்க அணி எப்பவுமே இப்படித்தானா?" என்று. மனுஷனுக்குக் கண்ணு கலங்கிருச்சு. "புரொஃபசர், எங்களை மாதிரி ஜெயிச்சவங்க ஒரு காலத்துல யாரும் இல்லை"ன்னாரு. 1946-ல் அணி பிறக்கிறது. பால் பிரவுன் என்ற மகா பயிற்சியாளர். வேறொரு போட்டித் தொடரில் முதல் நாலு வருஷமும் இவர்களே சாம்பியன். 1950-ல் என்.எஃப்.எல்.லுக்கு வந்தார்கள். வந்த வருஷமே சாம்பியன். 1954, 1955 மறுபடியும் சாம்பியன். அப்புறம் 1964 டிசம்பர் 27. பால்டிமோர் அணியோடு இறுதி ஆட்டம். பாதி ஆட்டம் வரைக்கும் பூஜ்யத்துக்குப் பூஜ்யம். முடிவில் 27-க்குப் பூஜ்யம் என்று கிளீவ்லாந்து வென்றது. ஏரிக்கரை மைதானத்திலே ஏறத்தாழ 80 ஆயிரம் பேர். அதிலே ஒருத்தர் இவருடைய அப்பா. அவர் கையைப் பிடித்துக்கொண்டு பத்து வயசுப் பையனாக இவர்.

"அன்னைக்கு அப்பா என்ன சொன்னார்?"னு கேட்டேன்.

"அடுத்த வருஷம் இன்னும் நல்லா இருக்கும்னாரு."

அன்னைக்கு ஆரம்பிச்சதுங்க இந்த 'அடுத்த வருஷம்'! (சிரிப்பு) அதற்குப் பிறகு கிளீவ்லாந்துக்குக் கோப்பை கிடைக்கவில்லை. சூப்பர் பவுல் என்ற இறுதி ஆட்டம் 1967-ல் ஆரம்பித்தது. ஜெயிக்கிறது இருக்கட்டும். 2026 வரைக்கும் நடந்த அறுபது சூப்பர் பவுல்களில் ஒன்றில்கூட அந்த அணி கால் வைத்ததில்லை.

இப்போது எதிரணிக்கு நானே உதவி செய்கிறேன். தோல்விப் பட்டியல் வேணும்னா எங்கிட்ட இருக்கு, வாங்கிக்குங்க. 1987 ஜனவரி 11. இன்னும் ஐந்தரை நிமிஷம்தான் பாக்கி. கிளீவ்லாந்து ஏழு புள்ளி முன்னால இருக்கு. எதிரே டென்வர் அணி. அவங்க 98 கஜம் கடந்து வரணும். நம்ம தெரு முனையிலிருந்து கோயில் வாசல் வரைக்கும், வழியெல்லாம் ஆள் மறிக்க! ஜான் எல்வே என்ற குவாட்டர்பேக் கொஞ்சம் கொஞ்சமா நகர்த்திக் கொண்டுவந்து சமன் செய்தார். கூடுதல் நேரத்தில் 23-க்கு 20 என்று டென்வர் வென்றது. அடுத்த வருஷம் 1988 ஜனவரி 17. அதே டென்வர். கோட்டுக்குச் சில அடி தூரத்தில் கிளீவ்லாந்து வீரர் எர்னஸ்ட் பைனர் கையிலிருந்து பந்து நழுவியது. அன்று முழுக்க அற்புதமாக ஆடியவர் அவர். அந்த ஒரு நழுவல்தான் அவர் பெயரோடு ஒட்டிக்கொண்டது.

"பாத்தீங்களா, தோல்விதானே வாட்டுச்சு?" என்று புலவர் ஐயா சிரிக்கிறார். கொஞ்சம் பொறுங்க ஐயா. இன்னொரு தோல்வியையும் சொல்றேன்.

2016-ல் பதினாறு ஆட்டத்தில் ஒரே வெற்றி. சரி, இதுக்குமேல கீழே போக முடியாதுன்னு நினைச்சாங்க. முடியும்னு காட்டினாங்க! (சிரிப்பு) 2017-ல் பதினாறு ஆட்டம், பதினாறும் தோல்வி. ஒரு வெற்றிகூட இல்லை. எதிரணி வாதப்படி அந்த ஊரே தீக்குளிச்சிருக்கணும். என்ன செஞ்சாங்க தெரியுமா? 2018 ஜனவரி 6-ஆம் தேதி, உறைபனிக் குளிரில், ஆயிரக்கணக்கான ரசிகர்கள் மைதானத்தைச் சுற்றி ஊர்வலம் போனாங்க. வட்டமா! ஏன் வட்டம்? பூஜ்யம்! (பலத்த சிரிப்பு) 'குறையே இல்லாத ஆண்டு' என்று அந்த ஊர்வலத்துக்குப் பேர் வைத்தார்கள். அதை முன்னிட்டுப் பணம் திரட்டி, அந்த ஊர் ஏழைகளுக்கு உணவு வழங்கும் நிலையத்துக்குக் கொடுத்தார்கள். (கைதட்டல்) துன்பம் வரும்போது சிரி என்று நம்ம வள்ளுவர் இடுக்கண் அழியாமை அதிகாரத்தில் சொன்னார். அதை நாம பரீட்சைக்குப் படிச்சோம். அவங்க பனியில நடந்து காட்டினாங்க.

நடுவர் ஐயா, இங்கேதான் என் வாதத்தின் உயிர் இருக்கிறது. 1987-ல் தோற்றது ஒரே ஒரு ஆட்டம். அதற்கு ஒரு தனிப்பெயரே வைத்து, நாற்பது வருஷம் ஆகப்போகுது, இன்னும் அழறாங்க. 2017-ல் தோற்றது பதினாறு ஆட்டம். அதுக்கு ஊர்வலம் விட்டுச் சிரிச்சாங்க. ஏன்? 1987-ல் நம்பிக்கை இருந்தது. ஐந்தரை நிமிஷ தூரத்தில் கோப்பைக்கான வாசல் இருந்தது. 2017-ல் அக்டோபர், நவம்பரிலேயே நம்பிக்கை போயிடுச்சு. நம்பிக்கை இல்லாத தோல்வி சிரிப்பு மூட்டும். நம்பிக்கை உள்ள தோல்விதான் நெஞ்சை அறுக்கும். அப்படியானால் அறுக்கிற கத்தி எது? (கைதட்டல்)

இன்னும் சந்தேகமா? தோல்வியே இல்லாத மூன்று வருஷத்தைக் காட்டுகிறேன். 1995 நவம்பர் 6. அணியின் உரிமையாளர் ஆர்ட் மோடெல், அணியை அப்படியே பால்டிமோருக்குக் கொண்டுபோகப் போவதாக அறிவித்தார். மறுநாளே ஊரில் ஒரு வாக்கெடுப்பு. மைதானத்தைப் புதுப்பிக்க வரியை நீட்டிக்கலாமா என்று. மக்கள் என்ன செய்திருக்கணும்? போறவனுக்கு எதுக்குப் பந்தல்னு சொல்லியிருக்கணும். பெருவாரியாக வாக்களித்து, வரி கொடுக்கிறோம் என்றார்கள்! ஆனாலும் அணி போய்விட்டது. டிசம்பர் 17-ஆம் தேதி அந்த மைதானத்தில் கடைசி ஆட்டம். ஜெயிச்சாங்க! ஜெயிச்ச அன்னைக்கு மைதானத்தில் அழுகை. நாற்காலிகளைப் பெயர்த்தார்கள். சிலவற்றைக் களத்தில் எறிந்தார்கள், சிலவற்றை வீட்டுக்கு எடுத்துப் போனார்கள். பெரியவரும் அவருடைய அப்பாவும் ஒரு நாற்காலியை வீட்டுக்குக் கொண்டுவந்து கார் ஷெட்டில் போட்டார்கள்.

1996, 1997, 1998. மூன்று வருஷம் கிளீவ்லாந்தில் அணியே இல்லை. தோல்வியே இல்லை! எதிரணி வாதப்படி அவை சொர்க்க வருஷங்கள். ஆனால் ஊர் சும்மா இருந்ததா? வழக்குப் போட்டார்கள். போராடினார்கள். பேரும், நிறமும், வரலாறும் எங்க ஊருக்குத்தான் சொந்தம் என்று எழுதி வாங்கினார்கள். 1999-ல் புது அணியாக அதே பேரில் திரும்பி வந்தது. போன அணி என்ன ஆச்சு? 2001 ஜனவரியில், பால்டிமோர் பெயரில், சூப்பர் பவுலையே ஜெயிச்சது! வீட்டுல இருந்தவரைக்கும் விளக்குக்கு எண்ணெய் ஊத்தாத பிள்ளை, அடுத்த ஊருக்குப் போய்க் கார்த்திகை தீபம் ஏத்தின மாதிரி! (சிரிப்பு)

பெரியவருடைய அப்பா அந்த நாற்காலியில் சாயங்காலம் சாயங்காலம் உட்காருவாராம். 1998-ல், அணி திரும்பி வருவதற்கு முந்தைய வருஷம், காலமானார். "தோல்வியே இல்லாத வருஷத்துல போனார், புரொஃபசர். ஆனா நிம்மதியாப் போகலை"ன்னாரு. (அமைதி)

திரும்பி வந்த அணியின் கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன், நடுவர் மணியை நோக்கிக் கை நீட்டுகிறார். (சிரிப்பு) 1999-லிருந்து இதுவரைக்கும் நாற்பதுக்கும் மேற்பட்ட குவாட்டர்பேக்குகள் ஆட்டத்தைத் தொடங்கியிருக்கிறார்கள். நாற்பதுக்கு மேலே தலைமைச் சமையல்காரர்கள்! ஒரு ரசிகர் ஒரு குவாட்டர்பேக்குடைய பேர் போட்ட சட்டையை வாங்கி, ஆள் மாற மாற, பழைய பேரை அடிச்சுட்டு புதுப் பேரை ஒட்டிக்கிட்டே வந்தார். சட்டை தரையைத் தொடுற அளவுக்குப் பட்டியல் நீண்டு போச்சு! நம்ம வீட்டு மளிகைச் சீட்டு தோத்துது போங்க. (சிரிப்பு)

அதே அணியில் ஜோ தாமஸ் என்று ஒரு வீரர். 2007-ல் முதல் சுற்றிலேயே தேர்வானவர். தேர்வு நடந்த அன்று அவர் மேடைக்கே வரவில்லை, அப்பாவோடு ஏரியில் மீன் பிடித்துக்கொண்டிருந்தார். அந்த மனிதர் அடுத்தடுத்து 10,363 முறை, ஒரு தடவைகூட வெளியே உட்காராமல் களத்தில் நின்றார். 2017-ல் கை தசைநார் கிழிந்த பிறகுதான் வெளியே வந்தார். சாதனை மன்றத்தில் 2023-ல் இடம் கொடுத்தார்கள். ஆனால் பதினோரு வருஷத்தில் அடுத்த கட்ட ஆட்டம் ஒன்றுகூட அவருக்கு வாய்க்கவில்லை. 2018 செப்டம்பர் 20-ல், 635 நாளுக்குப் பிறகு அணி ஒரு ஆட்டம் ஜெயித்தது. ஜெயிச்சாத்தான் திறக்கும் என்று ஊர் முழுக்கக் குளிர்பெட்டிகளைப் பூட்டி வைத்திருந்தார்கள். அன்று ராத்திரி திறந்தது. உள்ளே என்ன இருந்ததுன்னு குடும்பத்தோட பார்க்கிற நிகழ்ச்சியில நான் சொல்ல மாட்டேன்! (பலத்த சிரிப்பு)

கடைசியில் 2022-ல் நம்பிக்கையையே அடகு வைத்தார்கள். டெஷான் வாட்சன் என்ற குவாட்டர்பேக்கைக் கொண்டுவர, மூன்று வருஷத்து முதல் சுற்று வாய்ப்புகளைக் கொடுத்தார்கள். 23 கோடி டாலர் உறுதிச் சம்பளம். பல பெண்கள் அவர் மேல் தொடுத்த வழக்குகளால் ரசிகர்களிலேயே பலர் முகம் சுளித்தார்கள். 11 ஆட்டத் தடை, பிறகு காயம் மேல் காயம். 2024-ல் மூன்று வெற்றி, பதினான்கு தோல்வி. அதன் பலனாக 2025 டிராஃப்டில் இரண்டாவது வாய்ப்பு கிடைத்தது. அதுக்குத்தான் நம்ம பெரியவர் ஏப்ரல் குளிரில் ஆரஞ்சுச் சட்டையோடு நின்றார்.

ஏப்ரல் 24, வியாழக்கிழமை. "ராத்திரி வீட்டுக்கு வாங்க, புரொஃபசர்"ன்னாரு. போனேன். கார் ஷெட்டில் தொலைக்காட்சி. பக்கத்தில் அந்தப் பழைய நாற்காலி. அவருடைய மகனும் எட்டு வயசுப் பேரனும் வந்திருந்தார்கள். பேரன் போட்டிருந்தது என்ன சட்டை தெரியுமா? வேறொரு அணியின் சட்டை. ஜெயிக்கிற அணி! மகன்தான் வாங்கிக் கொடுத்திருக்கிறார்.

தந்தை முகம் சுண்டிப்போச்சு. மகன் மெதுவாச் சொன்னார்: "அப்பா, தாத்தா காத்திருந்தே போயிட்டார். நீங்க அறுபது வருஷமாக் காத்திருக்கீங்க. நான் நாற்பது வருஷம். இது எனக்கு நீங்க கொடுத்த சொத்து இல்லை, கடன். என் பிள்ளை தலையில இதைக் கட்ட மாட்டேன்."

என்ன பதில் சொல்வார் அந்தப் பெரியவர்? நான் தமிழ் இலக்கியம் முப்பது வருஷம் சொல்லிக் கொடுத்தவன். எனக்கே பதில் தெரியலைங்க. பிள்ளை துன்பப்படக் கூடாதுன்னு அப்பா நினைக்கிறது தப்பா? தான் நேசிச்சதைப் பேரனும் நேசிக்கணும்னு தாத்தா நினைக்கிறது தப்பா? பெரியவர் ஒண்ணும் பேசலை. தொலைக்காட்சியையே பார்த்துக்கிட்டிருந்தாரு.

அப்ப அறிவிப்பு வருது. டிராவிஸ் ஹண்டர் என்று ஒரு அபூர்வ இளைஞன். பந்தைப் பிடிக்கவும் தெரியும், தடுக்கவும் தெரியும். அவன் வருவான் என்று ஊரில் பாதிப் பேர் நம்பிக்கொண்டிருந்தார்கள். கிளீவ்லாந்து அந்த இரண்டாவது இடத்தை ஜாக்சன்வில் அணிக்கு மாற்றிக் கொடுத்துவிட்டது! பதிலுக்கு ஐந்தாவது இடம், வேறு சில வாய்ப்புகள், அதோடு ஜாக்சன்வில்லின் 2026-ஆம் வருஷத்து முதல் சுற்று வாய்ப்பு. அதாவது என்ன? அடுத்த வருஷம்! எட்டு மாசம் காத்திருந்தவனுக்குக் கையில் கொடுத்தது இன்னொரு அடுத்த வருஷம்! (சிரிப்பு)

மகன் எழுந்துட்டார். "வாடா போகலாம்"னு பையனைக் கூப்பிடறார். பையன் எங்கே உட்கார்ந்திருக்கான்? பூட்டனாருடைய நாற்காலியில. எழுந்திருக்கலை. தாத்தாவைப் பார்த்துக் கேட்கிறான்: "தாத்தா, அடுத்த வருஷம் நமக்கு ரெண்டு பேரு கிடைப்பாங்களா?"

நமக்கு! (கைதட்டல்) சட்டை வேறே அணி. வாயில வந்த சொல் 'நமக்கு'. பெரியவர் சிரிக்கவும் இல்லை, அழவும் இல்லை. "ஆமா, ரெண்டு பேரு"ன்னாரு. மகன் தலையில அடிச்சுக்கிட்டு மறுபடியும் உட்கார்ந்தார். ஐந்தாவதா மேசன் கிரஹாம் என்ற பையனை எடுத்தாங்க. மூணு பேரும் அவனைப் பத்தி ராத்திரி பன்னிரண்டு மணி வரைக்கும் பேசினாங்க. தோல்வி அன்னைக்கு அந்த வீட்டுக்குள்ளேயே வரலைங்க. நம்பிக்கைதான் வந்தது. வந்து மூன்று தலைமுறையையும் கட்டிப் போட்டுவிட்டது.

அந்த வருஷம் என்ன ஆச்சு? பெரியவருக்கு இரட்டை வேலை. தன் அணி ஜெயிக்கணும். கூடவே, சம்பந்தமே இல்லாத ஜாக்சன்வில் தோற்கணும். அவர்கள் எவ்வளவு தோற்கிறார்களோ, அவ்வளவு நல்ல இடம் இவர்களுக்கு! சாமி என்ன செஞ்சது? கிளீவ்லாந்துக்கு ஐந்து வெற்றி, பன்னிரண்டு தோல்வி. ஜாக்சன்வில்லுக்குப் பதின்மூன்று வெற்றி! (பலத்த சிரிப்பு) 2026 ஜனவரியில் பயிற்சியாளரை நீக்கினார்கள்.

அப்போது ஒருநாள் என் மகள் தொலைபேசியில் பேசும்போது, பெரியவர் பக்கத்தில் வந்து வாங்கிப் பேசினார். நான் துக்கம் விசாரிக்கிற குரலில், "ரொம்ப வருத்தமா இருக்குங்க"ன்னேன். அவர் கேட்டாரு: "புரொஃபசர், ஏப்ரல்ல வர்றீங்களா? இந்தத் தடவை முதல் சுற்றுல எங்களுக்கு ரெண்டு வாய்ப்பு இருக்கு!" (கைதட்டல்)

எதிரணியில் அம்மா ஒருவர் கேட்டார்கள், "நம்பிக்கையைக் குறை சொல்லலாமா? அது இல்லாமல் வாழ்க்கை ஏது?" என்று. அம்மா, நான் குறை சொல்லவில்லை. பிள்ளையைப் படிக்க அனுப்பிவிட்டு வாசலைப் பார்க்கிற தாயை வாட்டுவது எது? பிள்ளை தேறமாட்டான் என்று முடிவு கட்டிய தாய் தூங்கிவிடுவாள். தேறுவான் என்று நம்புகிற தாய்க்குத்தான் தூக்கம் வராது. அதனால் நம்பாதே என்று அவளிடம் யார் சொல்ல முடியும்? நம்பிக்கை வேண்டாம் என்பது என் கட்சி அல்ல. வாட்டுவது அதுதான் என்பதே என் கட்சி. தங்கத்தையும் நெருப்புத்தான் வாட்டுது. (கைதட்டல்)

தோல்வி ஞாயிற்றுக்கிழமை சாயங்காலம் வரும், திங்கட்கிழமை காலையில் போகும். நம்பிக்கை எட்டு மாதம் வீட்டிலேயே தங்கும். அப்பா போன பிறகும் அவர் நாற்காலியில் உட்கார்ந்திருக்கும். வேறே சட்டை போட்டாலும் உள்ளே புகுந்து 'நமக்கு' என்று பேசும். எனவே, நடுவர் ஐயா அவர்களே, ரசிகரை அதிகம் வாட்டுவது 'அடுத்த ஆண்டு' என்ற நம்பிக்கையே என்று நல்ல தீர்ப்பு வழங்குமாறு கேட்டுக்கொள்கிறேன். ஒருவேளை தீர்ப்பு எங்களுக்கு எதிராகப் போனாலும் கவலை இல்லை.

அடுத்த வருஷம் பார்த்துக்கிறோம்! (பலத்த சிரிப்பு, நீண்ட கைதட்டல்)